கதவு வரையாத வீடு

"மெதுவாச் சொல்லுன்னா காதுக்குள்ள ஊதுற, சத்தமாச் சொல்லுன்னா ஊருக்கே கேக்குது, உனக்கு எதையுமே அளவாச் செய்யத் தெரியாது சுபத்ரா." இதேதான், ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை. முதல் காட்சிக்குத் திரை விழுந்த கையோடு நான் வசனம் எடுத்துக் கொடுக்க நிற்கிற மேடையோரத் தட்டிக்குப் பின்னால் வந்து நின்று, கழுத்தில் வழிகிற ரோஸ் பவுடரைத் துண்டால் ஒற்றிக்கொண்டே என்னைக் கட்டிய மனுஷன் கலியமூர்த்தி சொன்னது. அளவு. இவர் எனக்கு அளவு சொல்லித் தருகிறார். காலனி ஆண்டு விழா நாடகம், பதினொரு பக்கம், நாற்பது நாள் ஒத்திகை, அதில் இவருக்கு மொத்தம் இருபத்தேழு வசனம், ஒன்றாவது தலையில் ஏறியதா. ஏறாது. ஏற வேண்டிய அவசியம் இவருக்கு வந்ததேயில்லை. ஆபீஸில் பிரிவுபசாரப் பேச்சா, சம்பந்தி வீட்டில் நாலு வார்த்தையா, எல்லாம் நான் பின்னால் நின்று எடுத்துக் கொடுத்தது; முப்பது வருஷமாக என் வாயிலிருந்து புறப்படுவது இவர் வாய் வழியாக வெளியே போகிறது, நடுவில் மூளை என்று ஓர் இடத்தில் தங்கிப் போகிற பழக்கம் அதற்கு இல்லை. ஒத்திகையில் ஒருநாள், "கொஞ்சம் இடதுபக்கம் தள்ளி நில்லுங்க" என்று கிசுகிசுத்தேன். அதையும் வசனம் என்று நினைத்துக் கையை நீட்டி, நெஞ்சை நிமிர்த்தி, கணீரென்று சபைக்குச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அப்போது அது முடிந்தது. "நீங்க படிச்சிருந்தா நான் ஏன் ஊதப் போறேன்" என்றேன் இப்போது. "காலைல ஆரம்பிச்சே, இன்னும் நீ முடிக்கல" என்றார். காலையில் ஆரம்பித்தது நான் இல்லை. காலிங் பெல். அதைப் பற்றி நினைக்கக் கூடாது என்றுதான் பேப்பரைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். "ரெண்டாவது சீன்" என்று யாரோ கத்துகிறார்கள், இவர் துண்டை என் தோளில் எறிந்துவிட்டு மேடைக்குப் போகிறார், துண்டில் அவர் வேர்வை, அந்த முகத்தில் ஓங்கி ஓர் அறை விட்டால் எப்படி இருக்கும் என்று என் உள்ளங்கை ஒரு கணம் தன் பாட்டுக்கு விரிந்து மூடுகிறது, திரை ஏறுகிறது.

நான் நிற்கிற இடத்தில் ஒரு மூங்கில். திரையைத் தாங்குகிற மூங்கில், சரியாக என் கண் மட்டத்தில் அது விரிசல் விட்டிருக்கிறது, விரிசல் மேல் கறுப்பு டேப்பை ஏழெட்டுச் சுற்றுச் சுற்றியிருக்கிறார்கள், டேப்பின் நுனி பிரிந்து ஃபேன் காற்றில் ஆடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை வரை அதில் விரிசல் இல்லை. பார்க்காதே என்றால் கண் அங்கேதான் போகிறது. இந்தப் பக்கம் திரும்பினால் பின்திரை, எட்டு கெஜம் காடாத்துணியில் ஒரு தெரு, வரிசையாக ஐந்து வீடு, நாலு வீட்டுக்கு ஓடு, ஜன்னல், கோலம், வாசலில் செருப்பு வரைக்கும் போட்டிருக்கிறான், ஐந்தாவது வீட்டுக்குச் சுவர் மட்டும், கதவு இருக்க வேண்டிய இடத்தில் கரிக்கோடு. அதற்கு முன்னால் யாரோ வீட்டுக் குரோட்டன்ஸ் தொட்டி ஒன்றைத் தூக்கி வைத்து மறைத்திருக்கிறார்கள். வரைந்தவன் குகதாசன், எங்கள் எதிரே பி பிளாக் மொட்டை மாடியில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிற பெயிண்டர், இலங்கை அகதிகள் முகாமில் பிறந்து வளர்ந்து அனுமதி வாங்கி வெளியே வந்து குடியிருக்கிறவன், காலனியில் எல்லாருக்கும் 'கேம்ப் ஆளு'. ஆமாம் என்பதற்கு ஓம் ஓம் என்பான், லிஃப்டில் இவர்களெல்லாம் அவனிடம் "ஓம் சக்தியா" என்று கேட்டுச் சிரிப்பார்கள், அவனும் சிரிப்பான், சிரிக்காமல் என்ன செய்வான், மொட்டை மாடி வரை போக வேண்டும். டர்ப்பன்டைன் வாசம் இன்னும் துணியில் இருக்கிறது. போன ஞாயிறு, மாடியில் இதை வரைந்துகொண்டிருந்தபோது, கதவுக்கு அவன் கையில் பெயிண்ட் இருந்தது, பச்சை, அந்தப் பச்சை டப்பாவை அவன் கடைசியாகச் செய்த காரியமாக ஓரமாக நகர்த்தி வைத்தான், வருகிறவர்கள் தடுக்கி விழக்கூடாதென்று. வைத்துவிட்டு, "வாங்கோ சேர், இன்னும் காயேல்ல, பாத்து வாங்கோ" என்றான். இரண்டு பிளாக்குக்கும் நடுவில் இருபதடி, என் அடுப்படி ஜன்னல் நேராக அந்த மாடியைப் பார்க்கிறது, எனக்குக் கேட்டது. படம் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறான். முதல் அடி வாயில். வைத்தியலிங்கம், அசோசியேஷன் செக்ரட்டரி, இந்த நாடகத்தை எழுதிய மகானுபாவர், முன்வரிசையில் இன்ஸ்பெக்டருக்குப் பக்கத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார், அன்றைக்கு அவர் கையில் இந்த மூங்கில். என் புருஷன் பின்னால் போய் அவன் இரண்டு கையையும் வளைத்துப் பிடித்துக்கொண்டார். வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனவர். காலையில் நான் மடிப்புக் கலையாமல் எடுத்துக் கொடுத்த வேஷ்டி.

"எங்கிருந்தோ வந்தவனுக்கு எங்கள் தெருவில் என்ன வேலை" என்று மேடையில் ஒருவர் முழங்குகிறார், நாலாவது பக்கம், சரி, அவர் படித்துவிட்டு வந்திருக்கிறார், நான் தேவையில்லை. நாடகத்தின் பெயர் 'ஒன்றே தெரு'. புதிதாகக் குடிவந்த ஒருவனைத் தெருவே சேர்ந்து விரட்டப் பார்க்கிறது, ஒரே ஒரு நல்ல மனிதன் கடைசியில் குறுக்கே நின்று அவனைக் காப்பாற்றுகிறான், எல்லாரும் மனம் திருந்திக் கைகோத்துப் பாட்டு. அந்த நல்ல மனிதன் என் புருஷன். நாடகத்தைத் தள்ளி வைக்கலாமா என்று போன திங்கட்கிழமை யாராவது வாய் திறப்பார்கள் என்று பார்த்தேன், சாமியானா பந்தலுக்குச் சொல்லியாயிற்று, சீஃப் கெஸ்ட் ஒத்துக்கொண்டாயிற்று என்றார்கள், விரிசலுக்கு டேப் வாங்கி வந்தார்கள். நானும்தான் வாய் திறக்கவில்லை. மூன்றாவது மாடியிலிருந்து பால்காரனைக் கூப்பிட்டால் மெயின் கேட்டில் நிற்கிற வாட்ச்மேன் நிமிர்ந்து பார்ப்பான், அப்படிப்பட்ட தொண்டை, அந்த ஞாயிற்றுக்கிழமை அது எங்கே போயிற்று. குக்கரில் மூன்று விசில் வர வேண்டும், வந்ததும் நிறுத்த வேண்டும், அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அங்கே துணி அடிக்கிற மாதிரி சத்தம், இங்கே ஒரு விசில், அவன் கத்தவில்லை, கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை, "சேர், சேர்" என்று மட்டும் சொன்னான், இரண்டாவது விசில், கீழே தள்ளி வலது கை மேல் செருப்புக் காலால் ஏறி நின்றார் ஒருத்தர், யாரென்று எனக்குத் தெரியும், பெயர் சொல்ல மாட்டேன், சொல்ல மாட்டேன் என்று யாருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். விரல் முறிகிற சத்தம் இருபதடிக்குக் கேட்காது. எனக்குக் கேட்டது. ஜன்னல் கதவைச் சாத்தினேன், கொக்கி போட்டேன், மூன்றாவது விசில் வந்ததா வரவில்லையா என்று தெரியவில்லை, பருப்பு அடிப்பிடித்துவிட்டது. இவர் சாப்பிட உட்கார்ந்து, "என்ன இது தீஞ்ச வாடை" என்றார். கை கழுவிவிட்டு வந்திருந்தார், நகக்கண்ணில் பச்சை. "நான் கையத்தான் புடிச்சேன், அடிக்கல. நான் புடிச்சதாலதான் அவன் உசுரோட இருக்கான், புரிஞ்சுக்க" என்றார். ரசம் ஊற்றினேன். கொதிக்கிற ரசத்தை அந்தக் கை மேல் ஊற்றவில்லை, தட்டில்தான் ஊற்றினேன், அளவாக.

கான்வென்டிலும் நான்தான் ப்ராம்ப்டர். ஐந்து வருஷம். "உன் டிக்ஷன் நல்ல டிக்ஷன், ஆனா உன் குரல் மேடையில இருக்கறவளுக்கு மட்டும் கேக்கணும், நீ யாருக்கும் தெரியக் கூடாது" என்று இங்கிலீஷில் சொல்வார் சிஸ்டர் பிளாண்டினா. கறுப்பாக இருந்த பெண்களை அவர் தேவதை வேஷத்துக்கு எடுப்பதில்லை, அதை அவர் சொன்னதில்லை, எங்களுக்குத் தெரியும். அதே சிஸ்டர்தான் கயிறு கோத்த ஒரு மரக்கட்டையைக் காலையில் வகுப்பில் கொடுப்பார். தமிழில் பேசுகிறவள் கழுத்தில் அது தொங்க வேண்டும், அவள் இன்னொருத்தி தமிழ் பேசுவதைக் கேட்டுக் காட்டிக் கொடுத்தால் அவள் கழுத்துக்கு மாற்றிவிடலாம், நாலு மணிக்கு யார் கழுத்தில் இருக்கிறதோ அவளுக்கு ஆறு அடி, ஸ்கேலின் விளிம்பால், விரல் முட்டியில். நான் ஒருநாளும் அடி வாங்கியதில்லை. காது அவ்வளவு கூர்மை. ஏழாம் வகுப்பில் ஒரு மத்தியானம் பாத்ரூம் சுவரோரம் அல்போன்சா உட்கார்ந்து, "அம்மா, வயிறு வலிக்குதே" என்று தனக்குத் தானே அழுதுகொண்டிருந்தாள், அப்போது மணி மூன்றே முக்கால், கட்டை என் கழுத்தில். மாட்டினேன். நாலு மணிக்கு அவள் முட்டியில் தோல் பிய்ந்து வெள்ளையாகத் தெரிந்தது, பிறகுதான் ரத்தம் வந்தது. அவள் என்னைத் திட்டவில்லை, கையை ஸ்கர்ட்டில் சுற்றிக்கொண்டு போனாள். நாற்பது வருஷம் ஆகிறது, கட்டையை நான் இன்னும் கழற்றி மாட்டிக்கொண்டேதான் இருக்கிறேன், இதோ, போன வாரம்கூட. சரி, சொல்லித் தொலைக்கிறேன். அந்த ஞாயிறு காலையில் காய்கறி வண்டியில் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், பக்கத்தில் ரஞ்சனி, கீழ் வீட்டுப் பெண், அவள் மகள் நிகிதா சற்று முன்புதான் மாடியில் குகதாசன் வரைவதைப் பார்க்கப் போயிருந்தாள், ஐந்து வயசு, பிரஷ்ஷை எடுத்துக் கன்னத்தில் இழுத்துக்கொண்டிருக்கிறது, அவன் துணியை நனைத்துத் துடைத்துவிட்டான், கண்ணில் பட்டுவிடாமல் ஒரு கையால் மறைத்துக்கொண்டு. நான் ஜன்னலில் பார்த்தது அதுதான், அவ்வளவுதான். வண்டிக்கு முன்னால் நின்று நான் சொன்னது, "கேம்ப் ஆளு உங்க பொண்ணு கன்னத்தப் புடிச்சுத் தொடைச்சுக்கிட்டு இருந்தான் ரஞ்சனி, பாத்துக்குங்க, இதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன்." இதுக்கு மேல சொல்ல மாட்டேன். மேலே சொல்லியிருந்தால் பெயிண்ட் என்று ஒரு வார்த்தை வந்திருக்கும். ஏன் சொல்லவில்லை. அவன் மேல் எனக்கு என்ன. ஒன்றுமில்லை. வெண்டைக்காய் முற்றலாக இருந்தது, வெயில், எரிச்சல், வாயில் வந்தது, கடித்தேன். நான் கடித்ததைப் பன்னிரண்டு மணிக்குள் மற்றவர்கள் மென்று துப்பி, அவன் குழந்தையை அறைக்குள் இழுத்தான் என்று ஆக்கிவிட்டார்கள்.

"சுபத்ரா," மேடையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு இவர். தடுமாறி நிற்கிறார். "அவனும் நம்மைப் போல் ஒரு மனிதன்தானே" என்று ஊதுகிறேன். "அவனும் நம்மைப் போல் ஒரு மனிதன்தானே" என்கிறார், கை தட்டல், முன்வரிசையில் இன்ஸ்பெக்டரும் தட்டுகிறார், சால்வை மடியில். இந்த இன்ஸ்பெக்டர் ஸ்டேஷனில்தான் குகதாசன் 'படியில் வழுக்கி விழுந்ததாக' எழுதியிருக்கிறது. இன்றைக்குக் காலையில் காலிங் பெல் அடித்து யோகமலர் நின்றாள், குகதாசன் பெண்சாதி, ஒரு கையில் கஞ்சி ஃபிளாஸ்க், பெரியாஸ்பத்திரிக்குப் போகிற வழியில். "அக்கா, நீங்கள் குசினி ஜன்னலால கண்டனீங்கள் எண்டு எனக்குத் தெரியும். இவர் விழேல்ல எண்டு ஒரு துண்டில எழுதிக் கையெழுத்து வச்சுத் தாங்கோ. கண்ட ஆள் ஒராள் எழுதித் தந்தால்தான் கேஸ் எடுப்பினமாம். மூண்டு விரல் முறிஞ்சு போட்டுது அக்கா, அது போகட்டும். பிள்ளையைத் தொட்டவன் எண்டு சொல்லினம், அதை இவர் தாங்க மாட்டார்." உள்ளேயிருந்து இவர் செய்தித்தாளைப் புரட்டுகிற சத்தம், காது முழுக்க வாசலில். நான் சொன்னேன், என் வாயால், கான்வென்ட் டிக்ஷனோடு, உச்சரிப்புப் பிசகாமல், "வீட்ல பேனா இல்லம்மா." காலண்டர் பக்கத்தில் நூலில் கட்டித் தொங்குகிறது பால் கணக்குப் பேனா, அவள் நின்ற இடத்திலிருந்து நன்றாகத் தெரியும். அவள் அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "சரி அக்கா" என்றாள். அவள் லிஃப்டுக்கு நிற்காமல் படியில் இறங்கினாள், மூன்று மாடியும் கேட்டது அந்த ரப்பர் செருப்பு. கதவைச் சாத்தி அரைமணி ஆகவில்லை, வைத்தியலிங்கம் வந்தார், டைப் அடித்த மனு. "நாளைக்குக் காலைல கொடுத்துடுவோம் மேடம். குழந்தைகிட்டத் தப்பா நடந்தான்னு. அவன் எழுந்து வந்து பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னால நாம கொடுத்துடணும், அதான் நமக்குப் பாதுகாப்பு. நேர்ல பாத்தது நீங்க, மொதக் கையெழுத்து உங்களது" என்று பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து மூடி கழற்றி என் பக்கம் நீட்டினார். தங்க நிறத்தில் கிளிப். அந்த மனு போனால் குகதாசன் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து நேராக ஜெயில், வருஷக்கணக்கு, அது எனக்குப் புரியாமல் இல்லை. "விழா முடியட்டும் சார், சாயங்காலம் போடறேன்" என்றேன். மாட்டேன் என்று சொல்லவில்லை. இவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "போட்டுடுவா சார், நான் பொறுப்பு" என்றார்.

கடைசிக் காட்சி. பின்திரைத் தெருவில் கூட்டம், கையில் அட்டைக் கத்தி, அட்டைத் தடி, நடுவில் புதிதாகக் குடிவந்தவனாக ஒரு பேங்க் கிளார்க் முழந்தாளிட்டு உட்கார்ந்திருக்கிறார், அடிக்கிற மாதிரி அடிக்கிறார்கள், அவர் அலறுகிறார், குகதாசன் இப்படி அலறவில்லை. என் புருஷன் குறுக்கே வந்து இரண்டு கையையும் விரித்து நிற்கிறார். மறந்துவிட்டார். எனக்குத் தெரியும் மறப்பார் என்று, இந்த இடத்தில் நாற்பது நாளும் மறந்தார். காதை என் பக்கம் சாய்க்கிறார், கண் சபையில், முகத்தில் நல்ல மனிதனின் பொறுமை. பேப்பரில் இருப்பது, 'இந்த மனிதனை அடிக்கும் முன் என்னை அடியுங்கள்.' மூங்கிலில் டேப் ஆடுகிறது. கட்டை என் கழுத்தில் இருக்கிறது, மணி மூன்றே முக்கால், மாட்டுவதற்கு எதிரே ஆள் இருக்கிறது, எப்போதும் இருக்கும். எடுத்துக் கொடுத்தேன், மெதுவாகவும் இல்லை, சத்தமாகவும் இல்லை. "இந்த மனிதன் கையைப் பின்னால் வளைத்துப் பிடித்துக்கொண்டவன் நான்." நெஞ்சை நிமிர்த்தி, கணீரென்று, "இந்த மனிதன் கையைப் பின்னால் வளைத்துப் பிடித்துக்கொண்டவன் நான்." அடுத்தது. "போன ஞாயிறு பகல் பன்னிரண்டு மணி, பி பிளாக் மொட்டை மாடியில்." அதையும் சொன்னார், கையைக்கூட ஆட்டினார். "நான் பிடித்தேன், மூங்கிலால் அடித்தவர் வைத்தியலிங்கம்." "நான் பிடித்தேன், மூங்கிலால் அடித்தவர் வை" என்று வந்து அந்த எழுத்தில் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு வார்த்தை இவர் மூளைக்குள் போயிருக்கிறது. திரும்பிப் பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன், இல்லை, நம் வீடென்று கதவைத் திறந்து உள்ளே யாரோ குடியிருப்பதைப் பார்த்த மாதிரி ஒரு முகம், பவுடர் கோடு கோடாக இறங்குகிறது, எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அந்தப் பாவத்தை மிதித்துக்கொண்டு நின்றேன். அப்போது கை தட்டினார்கள். பின்வரிசையில் ஒரு விசில். "சூப்பர் ஆக்டிங் சார்." நாடகத்தில் சேர்த்துக்கொண்டார்கள். இன்னும் இரண்டு நிமிஷம் விட்டால் பாட்டுப் போட்டு, கைகோத்து, வடை கொடுத்து இதையும் முழுங்கிவிடுவார்கள். வைத்தியலிங்கம் மட்டும் தட்டவில்லை, ஆபரேட்டரைப் பார்த்து மைக்கை அணை என்று விரலைச் சுழற்றுகிறார்.

நீ யாருக்கும் தெரியக் கூடாது. தட்டியைத் தாண்டினேன், விளக்கு கண்ணில் அறைந்தது, புடவை அந்தக் கறுப்பு டேப்பில் ஒட்டிக்கொண்டு இழுத்தது, பிய்த்துக்கொண்டு வந்தேன், கிழிந்தது கேட்டது. கால் குரோட்டன்ஸ் தொட்டியை இடித்து அது உருண்டது, பின்னால் கதவில்லாத வீடு வெளியே தெரிந்திருக்கும், நான் திரும்பிப் பார்க்கவில்லை. இவர், "உள்ள போ, சுபத்ரா, உள்ள போ" என்று என் முழங்கையைப் பிடித்தார், பிடிப்பதுதானே இவருக்குத் தெரியும், நகத்தால் அந்தக் கையைக் கீறிவிட்டு மைக்குக்குக் கீழே போய் நின்றேன். மைக் செத்துவிட்டது. தேவையில்லை, மூன்றாவது மாடித் தொண்டை. "இப்ப அவர் சொன்னது நாடகத்துல இல்ல. குகதாசன் வழுக்கி விழல. குழந்தை கன்னத்துல இருந்தது பெயிண்ட், அதைத்தான் துடைச்சார், நான் ஜன்னல்ல பாத்தேன். பெயிண்டை விட்டுட்டு மிச்சத்தைச் சொன்னது நான். அடிச்சவங்க அஞ்சு பேரையும் பாத்தேன். அஞ்சு பேரும் இங்கதான் இருக்காங்க. இன்ஸ்பெக்டர் சார், எழுதித் தரேன், இப்பவே, இங்கயே." ரஞ்சனி மடியில் இருந்த மகளை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள், என்னையே பார்க்கிறாள், அவள் என்னை என்ன செய்தாலும் தகும். பதினோராம் பக்கத்தைத் திருப்பினேன், பின்பக்கம் வெள்ளை, எழுத இடம் இருந்தது. முழங்கால் மேல் வைத்து எழுதிவிடலாம். கையில் எழுத ஒன்றுமில்லை. கீழே பார்த்தேன், முன்வரிசையில் பன்னிரண்டு நாற்காலி, இஸ்திரி போட்ட சட்டை, ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒரு கிளிப் பளபளக்கிறது, இன்ஸ்பெக்டர் பாக்கெட்டில் இரண்டு, வைத்தியலிங்கம் பாக்கெட்டில் தங்க நிறத்தில் அது. வாங்குவதற்குக் குனிந்து கையை நீட்டினேன். "யாராவது ஒரு பேனா கொடுங்க." ஒருத்தர் செல்போனை எடுத்துப் பார்க்கிறார். ஒருத்தர் செருப்பைத் தேடுகிறார். "பேனா. எழுதிட்டுத் திருப்பிக் கொடுத்துடறேன். ஒரு பேனா கொடுங்க."